காவிரிக்குக் கடிவாளம் போட்ட காட்டன் துரை

2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22-ந் தேதி. இரவு நேரம். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில், கொள்ளிடத்தின் குறுக்கே நிற்கும் மேலணையில் தூண்கள் சாய்ந்தன. இரும்புக் கதவுகள் ஒன்றன் பின் ஒன்றாக ஆற்றோடு போயின. அங்கே இருந்தவை 45 மதகுகள். விடிந்து பார்த்தபோது 9 மதகுகளைக் காணோம்!

அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் அதே வெள்ளத்தில் தூண்களை இழந்தது. அந்தப் பாலம் 1928-ல் கட்டியது. வயது 90. முக்கொம்பு அணை அதற்கும் மூத்தது. அதன் வயது 182.

மணல் மூட்டைகளையும் பாறாங்கற்களையும் போட்டு உடைப்பை அடைத்தார்கள். பிறகு பழைய அணைக்கு அருகிலேயே புதிய கதவணை கட்டினார்கள். அதற்கு ஒதுக்கிய பணம் 387 கோடி ரூபாய்க்கு மேல்.

அணை ஏன் உடைந்தது என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் பாறையே இல்லாத ஆற்று மணலில், சிமெண்டு என்ற பொருள் இந்த நாட்டுக்கு வராத காலத்தில் கட்டிய அணை அது. அத்தனை காலம் நின்றதே, அதுவல்லவா ஆச்சரியம்!

அதைக் கட்டியவர் ஆர்தர் காட்டன். வெள்ளைக்கார ராணுவ என்ஜினீயர். கட்டியபோது அவருக்கு வயது 33.

பத்தாவது பிள்ளை

ஆர்தர் தாமஸ் காட்டன் 1803-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். தகப்பனார் பெயர் ஹென்றி கால்வெலி காட்டன். அவருக்கு ஆண் பிள்ளைகள் மட்டும் 11 பேர். ஆர்தர் பத்தாவது பிள்ளை. அண்ணன்மார்களில் ஒருவர் ராணுவத்தில் ஜெனரல் ஆனார். இன்னொருவர் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் துணை வேந்தர் பதவி வகித்தார். ஆக, படித்த குடும்பம்.

அந்த நாளில் இந்தியாவை ஆண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. கம்பெனிக்கு வேண்டிய ராணுவ அதிகாரிகளைத் தயார் செய்ய, இங்கிலாந்தில் அடிஸ்கோம் என்ற ஊரில் ஒரு பள்ளி இருந்தது. ஆர்தர் 15-வது வயதில் அதில் சேர்ந்தார். அடுத்த வருஷமே என்ஜினீயர் படையில் உத்தியோகம் கிடைத்தது. 1821-ம் ஆண்டு சென்னைக்குக் கப்பலில் வந்து இறங்கினார். வயது 18.

வந்தவர் சண்டைக்குப் போவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பர்மா யுத்தத்துக்கு அவர் போனதும் உண்டு. ஆனால் அவருடைய ஆயுளில் பெரும்பகுதி சண்டையில் கழியவில்லை. தண்ணீரோடு மல்லுக்கு நிற்பதிலேயே கழிந்தது.

ஏரிகளில் படித்த பாடம்

1822-ல் அவரை ஏரி மராமத்து இலாகாவில் போட்டார்கள். தென் ஜில்லாக்களின் ஏரிகளையும் வாய்க்கால்களையும் பார்க்கும் உத்தியோகம். கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர், மதுரை என்று சுற்றும் வேலை.

திருச்சி ஜில்லா என்றதும் காவிரிதான் நினைவுக்கு வரும். ஆனால் ஜில்லாவில் பாதிக்குக் காவிரி எட்டாது. உதாரணம், மணப்பாறை. மாட்டுச் சந்தைக்கும் முறுக்குக்கும் பெயர் போன ஊர். மேட்டு நிலம். பெரிய ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையை ஏரியில் பிடித்து வைத்தால்தான் வருஷம் ஓடும்.

ஏரி என்றால் லேசான காரியம் அல்ல. ஒரு கரை, ஒரு மடை, ஒரு கலிங்கு. கலிங்கு வழியே உபரி நீர் கீழே உள்ள அடுத்த ஏரிக்குப் போகும். அதிலிருந்து அடுத்த ஏரிக்கு. மேல் ஏரி உடைந்தால், அந்தத் தண்ணீர் முழுவதும் ஒரே மூச்சில் கீழ் ஏரியில் வந்து மோதும். அதுவும் உடையும். இப்படி ஒரு சங்கிலி. காய்ந்த ஊரில்தான் வெள்ளம் பொல்லாதது. எதிர்பார்த்து இருக்க மாட்டார்கள் அல்லவா?

இது பழங்கதை அல்ல. 2021-ம் ஆண்டு நவம்பரில் மணப்பாறையில் ஒரே நாளில் சுமார் 27 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தண்ணீருக்கு ஏங்கும் ஊரில் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தது. மணப்பாறைப் பக்கத்து மேட்டில் பெய்யும் மழை அங்கேயே நிற்பதும் இல்லை. அரியாறு, கோரையாறு என்ற காட்டாறுகளில் இறங்கித் திருச்சி நகரத்தின் ஓரத்துக்கு வந்துவிடும். 1977 நவம்பரில் அடித்த புயலில், இப்படி வந்த காட்டாற்று வெள்ளம் திருச்சி வீதிகளை ஆறாக்கியது.

காட்டன் வந்த காலத்தில் ஜனங்களின் வீடுகள் பெரும்பாலும் மண் சுவரும் ஓலைக் கூரையும்தான். மண் சுவரின் அடியில் ஒரு முழம் தண்ணீர் ஒரு ராத்திரி நின்றால் போதும். அடி கரைந்து சுவர் உட்கார்ந்துவிடும். குதிரில் உள்ள நெல் நனைந்து முளை விடும். விதை நெல்லும் அதற்குள்தான் இருக்கும். கிணற்றில் சேறு நிரம்பும். வெள்ளம் வடிந்ததும் குடும்பத்தோடு சேற்றை வாரிக் கொட்டி, கிணற்றை இறைத்து, புதிதாக மண் குழைத்து, சுவரை ஒவ்வொரு வரியாக எழுப்ப வேண்டும். ஒரு வரி காய்ந்த பிறகே அடுத்த வரி வைக்கலாம். அவசரப்பட்டால் சுவர் வெடிக்கும். ஈரத் தரையில் படுத்துக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும்.

இந்த நஷ்டத்தை யார் கொடுப்பார்கள்? யாரும் கொடுக்க மாட்டார்கள். 1829-ல் சென்னையில் மெட்ராஸ் ஈக்விடபிள் என்ற ஆயுள் இன்ஷியூரன்சு சங்கம் ஆரம்பமாயிற்று. நகரத்துக் காரியம் அது. கிராமத்தில் மண் வீட்டுக்கு இன்ஷியூரன்சு என்பதை யாரும் கேள்விப்பட்டதில்லை. விளைச்சல் அழிந்தால் சர்க்கார் தீர்வையில் கொஞ்சம் வஜா செய்யும். தக்காவிக் கடன் என்று சிறு தொகை கொடுத்துப் பிறகு வசூலிக்கும். அவ்வளவுதான். வீடு போனால் போனதுதான். (இப்போது அப்படி அல்ல. வீட்டுக்கென்று பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான பாலிசி 2021 ஏப்ரலிலிருந்து வந்திருக்கிறது. வெள்ள சேதமும் அதில் சேர்ந்தது. எடுத்திருப்பவர்கள்தான் குறைவு.)

வெள்ளம் வந்த பிறகு வஜா கொடுப்பதைவிட, வெள்ளம் வருமுன் ஆற்றுக்குச் செலவு செய்வதே லாபம். இந்த ஒரு கணக்கைத்தான் காட்டன் தம் ஆயுள் முழுவதும் மேலதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டினார். பல முறை அவர்கள் கேட்கவில்லை. அவரும் விடவில்லை.

மணல் செய்த மாயம்

இடையில் பாம்பன் கால்வாயை அளந்தார். பர்மா போய் வந்தார். 1828-ல் காவிரியை ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தது.

அப்போது காவிரிக்கு ஒரு பெரிய வியாதி. அதைப் புரிந்துகொள்ள முக்கொம்புக்குப் போக வேண்டும்.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி. இரண்டுக்கும் நடுவே உள்ள தீவுதான் ஸ்ரீரங்கம். திருவானைக்காவும் அதே தீவில்தான் இருக்கிறது. தீவின் கிழக்கு முனையில் இரண்டு ஆறுகளும் மறுபடி நெருங்கி வரும். அந்த இடத்தில் காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் தடுத்து நிற்பது கல்லணை. கரிகால் சோழன் கட்டியது என்று வழிவழியாகச் சொல்லும் அணை அது.

கொள்ளிடம் நேராக ஓடுகிறது. பள்ளமாக ஓடுகிறது. காவிரியோ மெதுவாக ஓடுகிறது. மெதுவாக ஓடும் தண்ணீர் தான் சுமந்து வரும் மணலைக் கீழே போட்டுவிடும். அப்படியே வருஷா வருஷம் காவிரியில் மணல் படிந்தது. கல்லணையில் அந்த மணலை வெளியே தள்ள வழி இல்லை. ஆற்றின் தரை உயர்ந்துகொண்டே வந்தது. தரை உயர உயர, தண்ணீர் காவிரிக்குள் வர மறுத்து, பள்ளமான கொள்ளிடத்திலேயே இறங்கிக் கடலுக்குப் போயிற்று.

முடிவு என்ன? சாதாரண வருஷத்தில் தஞ்சாவூர் வயலுக்குத் தண்ணீர் இல்லை. வெள்ள வருஷத்திலோ, மேடேறிய காவிரி தன் தண்ணீரைத் தாங்க முடியாமல் கரையை உடைத்தது. வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் ஒரே காரணம், மணல்!

கம்பெனி சும்மா இருக்கவில்லை. 1804-ல் கால்டுவெல் என்ற காப்டன் கல்லணையின் மேல் கற்களை நட்டு உயர்த்தினார். அதனால் தண்ணீர் கொஞ்சம் கூடியது. மணலும் கூடியது. ஆட்களை விட்டு ஆற்றில் மணல் எடுத்தார்கள். எடுத்த பள்ளத்தை அடுத்த வெள்ளம் நிரப்பிவிட்டுப் போயிற்று. தஞ்சாவூர்ச் சீமை மெல்ல மெல்லக் காய்ந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் வந்துவிட்டது.

கல்லணையே ஆசான்

காட்டன் கல்லணையை ஆராய்ந்தார். அதன் அடியில் பாறை இல்லை. ஆற்று மணலில் பெரிய கற்களைப் போட்டு, அவை மணலில் புதைந்து அசையாமல் நின்ற பிறகு, களிமண்ணோடு கல்லை அடுக்கிக் கட்டியிருந்தார்கள். பல நூற்றாண்டு வெள்ளங்கள் அதன் மேல் ஏறிப் போயும் அணை நின்றது.

இங்கிலாந்தில் படித்த படிப்பில் இந்த வித்தை இல்லை. மணலில் அணை கட்டலாம் என்பதைப் பழைய தமிழ்க் கொத்தர்களின் வேலையிலிருந்தே அவர் கற்றுக்கொண்டார். அதைப் பிற்காலத்தில் ஒளிக்காமல் எழுதவும் செய்தார். வந்த துரைமார்களில் எத்தனை பேருக்கு அந்த மனசு இருந்தது?

முதலில் கல்லணையில் கை வைத்தார். 1830-ல் அதன் அடியில் மணல் போக்கிகள் அமைத்தார். வெள்ளக் காலத்தில் அவற்றைத் திறந்தால், தண்ணீரின் வேகமே மணலை இழுத்துக்கொண்டு கொள்ளிடத்தில் தள்ளிவிடும். ஆயிரம் கூலியாட்கள் செய்யும் வேலையை ஆறே செய்துகொள்ளும். பழைய அணையைத் துளைத்தால் அடியோடு போய்விடுமோ என்று அஞ்ச இடம் இருந்தது. அணை போகவில்லை.

ஆனால் அவருடைய உடம்பு கெட்டது. காய்ச்சல் விடவில்லை. சீமைக்கு லீவில் போனார். எகிப்து, சிரியா வழியாகத் தரை மார்க்கமாகப் பயணம். 1832-ல் திரும்பி வந்தார். விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

ஒரே வருஷத்தில் இரண்டு அணை

வியாதி முக்கொம்பில் ஆரம்பிக்கிறது. ஆகவே வைத்தியத்தையும் அங்கேதான் செய்ய வேண்டும். இது காட்டனின் முடிவு. கொள்ளிடத்தின் தலைவாயிலில் ஒரு குறுக்குச் சுவர் எழுப்பினால், தண்ணீர் தேங்கி நின்று காவிரிப் பக்கம் திரும்பும். வெள்ளம் வந்தால் சுவரின் மேல் ஏறிக் கொள்ளிடத்தில் விழுந்து போய்விடும். ஸ்ரீரங்கமும் திருச்சியும் தப்பும். தஞ்சாவூருக்கும் தண்ணீர் கிடைக்கும்.

சொல்வது சுலபம். கட்டுவது எப்படி? கொள்ளிடத்தில் எத்தனை ஆழம் தோண்டினாலும் மணல்தான்.

அதற்கும் நம் நாட்டு வித்தையே உதவியது. கிணற்று உறை இறக்கும் வித்தை. மணலின் மேல் செங்கல்லால் வட்டமாக உறை கட்ட வேண்டும். உள்ளே இருக்கும் மணலைத் தோண்டி வெளியே எடுக்க வேண்டும். எடுக்க எடுக்க, உறை தன் பாரத்தில் தானே கீழே இறங்கும். இப்படி வரிசையாகக் கிணறுகளை இறக்கி, உள்ளே கல்லைப் போட்டு நிரப்பி, அந்த வரிசையின் மேல் அணைச் சுவரை எழுப்பினார்கள். சுவரைத் தாண்டி விழும் தண்ணீர் அணையின் காலைக் குழி பறிக்காமல் இருக்க, கீழ்ப் பக்கத்தில் அகலமாகக் கல் தளம் போட்டார்கள்.

அணையின் நீளம் சுமார் 750 கஜம். நடுவில் இருந்த திட்டுகளால் மூன்று துண்டாக அமைந்தது. உயரம் சுமார் 7 அடிதான். பார்த்தால் பெரிய கோட்டை மதில் போல இருக்காது. இவ்வளவு சிறிய சுவரா காவிரியைத் திருப்பப் போகிறது என்று தோன்றும். அதுதான் காட்டனின் கெட்டிக்காரத்தனம். ஆற்றோடு மோதவில்லை. லேசாகத் தோளைத் தொட்டுத் திருப்பினார். இன்று முக்கொம்பில் காணும் தூண்களும் இரும்புக் கதவுகளும் பிற்காலத்தில் சேர்ந்தவை.

மேலணை 1836-ல் கட்டியது. அதே வருஷம் கொள்ளிடத்தில் வெகு தூரம் கீழே, அணைக்கரை என்ற இடத்தில் கீழணையையும் கட்டினார். மேலணைக்குத் தப்பிக் கொள்ளிடத்தில் போகும் தண்ணீரை அது பிடித்தது. சிதம்பரம் பக்கத்து நிலங்களுக்கும் வீராணம் ஏரிக்கும் அந்தத் தண்ணீர் போய்ச் சேருகிறது.

தஞ்சாவூர் பிழைத்தது. காய்ந்த வயல் விளைந்தது. கம்பெனியின் வரி வருமானமும் ஏறியது. கம்பெனி அதைக் கண்டுதான் சந்தோஷப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மருந்து கூடிப் போயிற்று

ஆனால் ஆறு சொன்னபடி கேட்டுவிடுமா?

மேலணை எதிர்பார்த்ததற்கு மேல் வேலை செய்தது. தண்ணீர் இப்போது காவிரியில் வேகமாகப் பாய்ந்தது. பல காலமாகப் படிந்த மணலை அரித்தது. மணல் போன பிறகும் அரிப்பு நிற்கவில்லை. காவிரியின் தரை இறங்கிக்கொண்டே போயிற்று, வாய் அகன்றது. கொள்ளிடத்திலோ தண்ணீர் குறைந்து மணல் மேடு தட்டியது. முன்பு கொள்ளிடம் எல்லாத் தண்ணீரையும் இழுத்தது. இனிக் காவிரி இழுத்துவிடும் போல் ஆயிற்று. அப்படி நடந்தால் பெருவெள்ளம் முழுவதும் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் புகும். கரையோரத்து வீடுகள் கதி என்ன?

வறட்சிக்குக் கொடுத்த மருந்து வெள்ளத்தை அழைத்து வந்துவிட்டது. காட்டனின் சரித்திரத்தைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவதுண்டு. தாண்டக் கூடாது.

1840-களில் பரிகாரம் செய்தார்கள். மேலணையின் நடுப்பகுதியை இரண்டடி குறைத்தார்கள். வெள்ளத்தில் கூடுதல் பங்கு கொள்ளிடத்துக்குப் போக அது வழி விட்டது. காவிரியின் தலைவாயிலில் ஆற்றின் குறுக்கே ஒரு தளச் சுவரும் கட்டினார்கள். அதனால் காவிரியின் தரை மேற்கொண்டு இறங்காமல் நின்றது. ஒரு பக்கத் தட்டு தாழ்ந்தால் மறு பக்கத்தில் கல் வைப்பது போலத்தான் இந்த வேலையும். இரண்டு ஆறுகளையும் அப்படித் தராசில் நிறுத்தி வைக்கும் வேலை முக்கொம்பில் அன்று முதல் ஓயவில்லை.

அந்தத் தராசையும் மீறிய வெள்ளங்கள் உண்டு. 1924 ஜூலையில் மேட்டூர்ப் பக்கம் காவிரியில் வினாடிக்கு சுமார் 4 லட்சத்து 56 ஆயிரம் கன அடி தண்ணீர் வந்தது. அப்போது மேட்டூர் அணை கிடையாது. வந்தது முழுவதும் கீழே இறங்கியது. அந்த வெள்ளத்தை மனசில் வைத்தே மேட்டூர் அணையைத் திட்டமிட்டார்கள். 1925-ல் தொடங்கி 1934-ல் முடித்தார்கள்.

கோதாவரிக்குப் போனார்

காட்டன் 1830-களின் கடைசியில் மறுபடி நோயில் விழுந்தார். ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் போனார். அங்கே எலிசபெத் லீர்மந்த் என்ற பெண்மணியைச் சந்தித்து 1841-ல் கல்யாணம் செய்துகொண்டார். திரும்பி வந்ததும் விசாகப்பட்டினத்தில் ஊரைக் கடல் அரித்துக்கொண்டிருந்தது. கடலுக்குள் கல் அணைப்புகள் போட்டு அரிப்பைத் தடுத்தார்.

பிறகு கோதாவரி. அங்கே நிலைமை காவிரியைவிட மோசம். பஞ்சம், வெள்ளம், 1839-ல் கொரிங்கா துறைமுகத்தை அழித்த புயல் என்று அடுக்கடுக்காக வந்தன. ராஜமகேந்திரவரம் ஜில்லாவில் 1821-ல் 7 லட்சத்து 38 ஆயிரம் ஜனங்கள் இருந்தார்கள். 1841-ல் 5 லட்சத்து 61 ஆயிரம்தான் மிச்சம்! செத்தவர் போக, பிழைக்க வழி தேடி ஓடியவர்கள் மற்றவர்கள்.

ஊரே காலியாகிறது, அணை கட்டினால் காப்பாற்றலாம் என்று காட்டன் எழுதினார். முக்கொம்பில் செய்ததைக் காட்டினார். சர்க்கார் சம்மதித்தது. 1847-ல் தவளேசுவரத்தில் வேலை தொடங்கியது. பத்தாயிரம் பேர் வரை வேலை செய்தார்கள். வீணம் வீரண்ணா என்ற உள்ளூர் உத்தியோகஸ்தர், ஆட்களைத் திரட்டி வேலை வாங்குவதில் அவருக்கு வலது கையாக இருந்தார். 1852-ல் அணை முடிந்தது. கட்டுமானத்தின் நீளம் மட்டும் இரண்டேகால் மைல். முக்கொம்பு அணையைப் போல் ஐந்து மடங்கு.

காவிரிக் கரையில் கற்ற மணல் வித்தைதான் அங்கேயும். அதன் பிறகு கிருஷ்ணா நதியிலும் பெசவாடாவில் அணை எழுந்தது. இன்றும் ஆந்திராவில் கோதாவரிக் கரைக் குடியானவர்கள் அவர் பிறந்த நாளில் அவர் சிலைக்கு மாலை போடுகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

ரெயிலா, வாய்க்காலா?

1861-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. அதற்கு முந்திய வருஷமே இந்தியாவை விட்டுப் போய்விட்டார். ஆனால் சீமையில் சும்மா உட்காரவில்லை. ஒரு பெரிய சண்டையைத் தொடங்கினார்.

அப்போது சர்க்கார் இந்தியாவெங்கும் ரெயில் பாதை போட்டது. பணம் எல்லாம் ரெயிலுக்கே போயிற்று. காட்டனுக்கு இது பிடிக்கவில்லை. அதே பணத்தில் வாய்க்கால் வெட்டினால், வயலுக்குத் தண்ணீரும் கிடைக்கும், படகில் சாமானும் போகும் என்றார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சென்னையில் செங்குன்றத்திலிருந்து கல் கொண்டுவர 1837-ல் ஒரு ரெயில் பாதை போட்டார்கள். இந்தியாவின் முதல் ரெயில் பாதைகளில் அது ஒன்று. அதைப் போட முன்னின்றவரே காட்டன்தான்!

எல்லாவற்றிலும் அவர் ஜெயிக்கவில்லை. அவர் யோசனையில் துங்கபத்திரையிலிருந்து வெட்டிய கர்நூல்-கடப்பை வாய்க்கால் போட்ட பணத்தை எடுக்கவில்லை. வெட்டிய கம்பெனி நொடித்து, கடைசியில் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. எல்லா ஆறும் காவிரி அல்ல, எல்லா மண்ணும் தஞ்சாவூர் அல்ல என்பதை அவர் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. பிடிவாதக்காரர். எதிரிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கில் ஜனங்கள் மாண்டார்கள். ரெயில் ஓடிய ஊர்களிலும் மாண்டார்கள். ரெயிலில் தானியம் வந்தது. வாங்கக் கையில் காசு இல்லை. தண்ணீர் பாய்ந்த காவிரி, கோதாவரிப் பாசன நிலங்களில் விளைச்சல் நின்றது. காட்டன் இதை எடுத்துக்காட்டி எழுதினார், பேசினார். 1878-ல் பார்லிமெண்டு ஒரு கமிட்டி போட்டு அவரை விசாரித்தது. அப்போது அவருக்கு 75 வயது. கமிட்டியின் முடிவு அவருக்குச் சாதகமாக இல்லை.

கடைசி நாட்கள்

இங்கிலாந்தில் டார்க்கிங் என்ற சிற்றூரில் கடைசிக் காலத்தைக் கழித்தார். அங்கேயும் தோட்டத்தில் மண்ணை ஆழமாகக் கொத்தி, கோதுமை அதிகம் விளையுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள் லேடி ஹோப் தகப்பனாரின் சரித்திரத்தைப் புத்தகமாக எழுதினார். அது 1900-ல் வெளிவந்தது. அதை அச்சில் பார்க்க அவர் இல்லை.

1899-ம் ஆண்டு ஜூலை மாதம் 24-ந் தேதி சர் ஆர்தர் காட்டன் காலமானார். வயது 96. தமிழ்நாட்டில் அது ஆடி மாதம். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஆடிப் பெருக்குக்கு இன்னும் சில நாட்களே இருந்தன.